விபிஎன் போட்ட வீட்டு ரூட்டர்: பெரில் ஏஎக்ஸ், பத்து மாதத்துக்குப் பிறகு

நானும் என் கணவரும் சென்னையில் இருக்கும் ஒரு பதிப்புச் சேவை நிறுவனத்துக்கு மயிலாடுதுறையில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறோம். எனக்குப் பேஜினேஷன், அதாவது புத்தகப் பக்கங்களை அமைக்கும் வேலை. அவருக்குப் படங்களைச் சரிசெய்யும் வேலை. வருவதெல்லாம் பெரும்பாலும் மருத்துவப் பாடப்புத்தகங்கள். ஓர் அத்தியாயத்தை மூட்டை கட்டினாலே 300, 400 எம்பி வரும். முழுப் புத்தகத்தின் படங்களையும் சேர்த்தால் 1.2 ஜிபியைத் தொடும். அலுவலக சர்வருக்குள் விபிஎன் வழியாகத்தான், அதாவது தரவைப் பூட்டி அனுப்பும் தனி வழியில்தான், போக முடியும். சில வெளிநாட்டுப் பதிப்பகங்களின் தளங்களும் எங்கள் அலுவலகத்தின் ஐபி முகவரியிலிருந்து போனால்தான் திறக்கும். வீட்டில் வேலைக்கென்று இரண்டு கணினிகள், நிறம் சரிபார்க்க ஒரு மேக். ஆனால் அலுவலகம் வீட்டுக்கு ஒரு விபிஎன் இணைப்புதான் தரும். அதனால் ஒவ்வொரு கணினியிலும் போடாமல் ரூட்டரிலேயே விபிஎன் போட்டுவிடுங்கள் என்று அலுவலக ஐடி பிரிவில் சொன்னார்கள். போட்டோம். அன்றிலிருந்து ஆரம்பித்தது தொல்லை.

எங்கள் இணைப்பு 150 எம்பிபிஎஸ், ஏற்றமும் இறக்கமும் அதே வேகம். விபிஎன் போட்ட பிறகு வேகச் சோதனையில் வந்தது 9. எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, ஃபைல் அளவு பைட் கணக்கு, எட்டால் வகுக்க வேண்டும். ஆக நொடிக்கு ஒரு எம்பியைக் கொஞ்சம் தாண்டும். 1.2 ஜிபி மூட்டை மேலே போக பதினெட்டு நிமிடம். நடுவில் அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டிய ஃபைலை ஏழரை வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்த நாட்கள் உண்டு. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் போனில் வீடியோ பார்க்கக் கூடாது என்று சொல்லி, மாமியாரின் தொடரைக்கூட நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் டிவியை அணைத்துவிட்டுப் போவார். எனக்குத்தான் மனசு கஷ்டமாக இருக்கும்.

இப்போது இந்த வேலையை ஜிஎல்.ஐநெட் நிறுவனத்தின் பெரில் ஏஎக்ஸ் ரூட்டர் செய்கிறது. மாடல் எண் ஜிஎல்-எம்டி3000. பத்து மாதமாகத் தினமும் ஓடுகிறது. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான். ஆனால் அதை வாங்குவதற்கு முன்னால் எங்கே தடை என்று கண்டுபிடித்த கதையைச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரைக்கு அர்த்தமில்லை. ஏனென்றால் உங்கள் வீட்டுத் தடை வேறு இடத்தில் இருந்தால் இந்த ரூட்டர் உங்களுக்கு ஒன்றும் செய்யாது.

எல்லோரையும் போல நானும் முதலில் லைனைத்தான் சந்தேகப்பட்டேன். லைன்மேன் தம்பி வந்தார். ஃபைபரைக் கழற்றிக் கருவியில் வைத்து ஒளியின் அளவைப் பார்த்தார், மைனஸ் 21 டிபிஎம் காட்டியது. மைனஸ் 27 பக்கம் போனால்தான் கவலைப்பட வேண்டும் என்றார். பிறகு சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டியிலிருந்து நேரே தன் லேப்டாப்புக்குக் கேபிள் போட்டுப் பார்த்தார். 148. "அக்கா, லைன்ல ஒரு குறையும் இல்ல. அந்த விபிஎன்ன நிறுத்திட்டு ஒருதரம் பாருங்க" என்றார். நிறுத்திவிட்டு ரூட்டர் வழியாகப் பார்த்தால் 146. விபிஎன்னை ஓட்டினால் 9.

அப்படியானால் குறை அலுவலகத்தில்தான் என்று முடிவு கட்டி ஐடி பிரிவுத் தம்பிக்குப் போன் செய்தேன். கொஞ்சம் கோபமாகவே பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, ரூட்டர்ல விபிஎன்ன ஆஃப் பண்ணுங்க. அதே சாவிய உங்க லேப்டாப்ல இருக்கிற ஆப்ல போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். 121 வந்தது.

இந்தச் சோதனைதான் இந்த விஷயத்தின் உயிர். லைன் அதே லைன், அலுவலக சர்வர் அதே சர்வர், சாவியும் அதே சாவி, நடுவில் இருந்த ரூட்டரும் அதே ரூட்டர். மாறியது ஒன்றுதான்: பூட்டுப் போடும் வேலையை ரூட்டர் செய்யாமல் லேப்டாப் செய்தது. 9 எங்கே, 121 எங்கே! லேப்டாப்பிலும் 9தான் வந்திருந்தால் குறை லைனிலோ அலுவலகத்திலோ இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் வீட்டில் விபிஎன் போட்ட ரூட்டர் மெதுவாக ஓடினால், ஒரு பைசா செலவழிக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்து, ரூட்டரில் விபிஎன்னை மறுபடி ஓட்டி, பெரிய ஃபைல் ஒன்றை இறக்கிக்கொண்டே ரூட்டரின் நிலவரப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னார். சிபியு 100 சதவீதத்தில் நின்றது. இறக்கத்தை நிறுத்தியதும் 4க்கு வந்தது.

ஏன் இப்படி என்று அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். விபிஎன் இல்லாதபோது ரூட்டரின் வேலை அஞ்சலகத்தில் கடிதம் பிரிப்பது மாதிரி. முகவரியைப் பார்த்துச் சரியான பையில் போட்டால் போதும். அதிலும் பெரும்பகுதியைச் சிப்புக்குள் இருக்கும் தனிப் பகுதி ஒன்று பார்த்துக்கொள்கிறது, சிபியு வரை வருவதே இல்லை. விபிஎன் போட்டுவிட்டால் ஒவ்வொரு கடிதத்தையும் எடுத்து, எழுத்தை மாற்றி, புது உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். அந்தத் தனிப் பகுதிக்கு இது தெரியாது. முழுக்கச் சிபியு தலையில் விழுகிறது. எங்கள் பழைய ரூட்டரில் இருந்தது ஒற்றைக் கோர், 750 மெகாஹெர்ட்ஸ். ஏஇஎஸ் என்ற வகைப் பூட்டைச் சீக்கிரம் போடுவதற்கான வசதி அந்தச் சிப்பில் கிடையாது. இன்றைய லேப்டாப் சிப்புகளில் அது உள்ளேயே இருக்கிறது. போதாததற்கு நாங்கள் ஓட்டியது ஓபன்விபிஎன் என்ற வகை விபிஎன். அது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வெளியே ஒரு சாதாரண நிரலாக ஓடுவதால் ஒவ்வொரு பாக்கெட்டும் (தரவுத் துண்டும்) கெர்னலிலிருந்து நிரலுக்குப் போய்த் திரும்பிவர வேண்டும். எத்தனை கோர் இருந்தாலும் ஒரு இணைப்புக்கு ஒரு கோரைத்தான் பயன்படுத்தும்.

பழைய ரூட்டரின் பெட்டி மேல் ஏசி1200 என்று பெரிதாகப் போட்டிருந்தது. 1200 இருக்கும்போது 150 எப்படி வராமல் போகும் என்றுதான் நானும் நினைத்தேன். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் 300ஐயும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் 867ஐயும் கூட்டி, மேலே தள்ளி முழுமையாக்கிய எண். காற்றில் போகும் வேகத்தின் உச்சவரம்பு மட்டும்தான். பூட்டுப் போடும் வேகத்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை பேர் இன்னும் பெரிய எண் போட்ட பெட்டியை வாங்கி ஏமாறுகிறார்களோ என்று இப்போதும் எனக்கு வருத்தம்தான்.

பழைய ரூட்டரிலேயே செய்யக்கூடிய ஒரு திருத்தமும் இருந்தது. எங்கள் ஓபன்விபிஎன், தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் டிசிபி முறை வழியாக ஓடிக்கொண்டிருந்தது. டிசிபிக்குள் டிசிபி ஓட்டினால், ஒரு பாக்கெட் தொலையும்போது உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் தனித்தனியாக மறுபடி அனுப்பத் தொடங்கி ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். ஐடி தம்பி, அப்படி மறுபடி அனுப்பாத யுடிபி முறைக்கு மாற்றித் தந்தார். 9 இருந்தது 13 ஆயிற்று. அதற்கு மேல் அந்தச் சிப்பில் உயிர் இல்லை.

சரி, புது ரூட்டர் வாங்குவது என்று முடிவானது. இந்தத் தடவை வைஃபை எண்ணைப் பார்க்காமல் விபிஎன் எண்ணைத் தேடினேன். பெரும்பாலான ரூட்டர்களின் விவரப் பக்கத்தில் அப்படி ஒரு எண்ணே இருக்காது. ஜிஎல்.ஐநெட் அதை வெளிப்படையாகப் போடுகிறது. பெரில் ஏஎக்ஸுக்கு வயர்கார்டு என்ற இன்னொரு வகை விபிஎன்னில் 300 எம்பிபிஎஸ் வரை, ஓபன்விபிஎன்னில் 150 வரை. சிப் மீடியாடெக் எம்டி7981, இரண்டு கோர், 1.3 கிகாஹெர்ட்ஸ். நினைவகம் 512 எம்பி. எங்கள் 150க்கு இது போதும் என்று கணக்குப் போட்டோம். விலை பத்தாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது. வீட்டு ரூட்டருக்கு இது பெரிய தொகை என்று என் கணவர் யோசித்தார். மாலை ஆறு மணிக்கு நான் படும் பாட்டைப் பார்த்திருந்ததால் சரி என்று சொல்லிவிட்டார்.

பெட்டியைப் பிரித்தபோது இவ்வளவு சின்னதா என்று இருந்தது. பயணத்துக்கென்று செய்த ரூட்டர் இது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது, மடக்கி வைக்கக்கூடிய இரண்டு ஆன்டெனா, பக்கத்தில் தள்ளும் பொத்தான் ஒன்று. உள்ளே வரும் இணைப்புக்கு 2.5 ஜிபிபிஎஸ் போர்ட் ஒன்று, கணினிக்கு 1 ஜிபிபிஎஸ் போர்ட் ஒன்று. கணினிக்கு ஒரே ஒரு போர்ட்தான் என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் ஐந்து போர்ட் உள்ள ஒரு சாதாரண கிகாபிட் ஸ்விட்ச் தனியாக வாங்கினோம்.

அமைப்பது சுலபமாகவே இருந்தது. 192.168.8.1 என்று அடித்தால் நிர்வாகப் பக்கம் வருகிறது. விபிஎன்னுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அலுவலகம் அனுப்பிய ஃபைலை ஏற்றினால் அது தானே எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்கிறது. லைன்மேன் தம்பியிடம் சொல்லி ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, பிபிபிஓஇ (லைனுக்குள் நுழையும் முறை) பெயரையும் கடவுச்சொல்லையும் பெரிலிலேயே போட்டோம். இரண்டு பெட்டியும் ரூட்டர் வேலை பார்த்தால் எது எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஒன்றே பார்க்கட்டும் என்று தம்பி சொன்னது நல்ல யோசனை.

அதே ஓபன்விபிஎன் ஃபைலோடு முதல் நாள் வந்தது 82. 13லிருந்து 82! நான் சோதனையை நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு மாலை மூட்டை இரண்டு நிமிடத்தில் மேலே போய்விட்டது. கணவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

ஒரு வாரம் கழித்து அலுவலகம் எங்களுக்கு வயர்கார்டு சாவி கொடுத்தது. வயர்கார்டு 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6லேயே கெர்னலுக்குள் சேர்ந்துவிட்டது. ஓபன்விபிஎன் போல வெளியே போய்த் திரும்பும் அலைச்சல் இல்லை, கோர்களைப் பங்கிட்டு வேலை செய்யும். அது போடும் சாச்சா20 என்ற வகைப் பூட்டு, ஏஇஎஸ் வசதி இல்லாத சின்னச் சிப்புகளிலும் நன்றாக ஓடும். இவ்வளவு இருக்கும்போது 140 வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது 94. மறுபடி 94. ராத்திரி பதினோரு மணிக்கும் 94. சிபியு பாதிகூட வேலை செய்யவில்லை.

ஐடி தம்பியிடம் சொன்னதும் சிரித்தார். "94ன்னு அச்சடிச்ச மாதிரி வந்தா அது கேபிள்க்கா." 100 எம்பிபிஎஸ் இணைப்பில் உறைகளின் எடை போக மிஞ்சுவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டு கம்பிகள், நான்கு ஜோடி. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். 100க்குத் தேவைப்படாத ஜோடி ஒன்று அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு நிற்காது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் வீடு முற்றம் வைத்த பழைய வீடு. கேபிள் தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டி வருகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரிடத்தில் எலி கடித்துத் தோல் உரிந்து கம்பி தெரிந்தது. பழைய ரூட்டர் காலத்தில் நான் சோதித்ததெல்லாம் லேப்டாப்பை ரூட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துச் செருகி. வேலை செய்யும் மேசையிலிருந்து சோதிக்கவே இல்லை. விபிஎன்னில் 13 வந்துகொண்டிருந்தவரை 100 ஒரு தடையாகத் தெரியவும் இல்லை. முதல் அடைப்பை எடுத்த பிறகுதான் இரண்டாவது அடைப்பு கண்ணில் பட்டது.

கேட் 6 கேபிள் புதிதாக இழுத்து, பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டோம். அன்றிலிருந்து 137, 139, 138. 150 எம்பிபிஎஸ் லைனில், பூட்டும் உறையும் போக, இதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை. 1.2 ஜிபி ஒரு நிமிடம் சொச்சத்தில் போய்விடுகிறது.

மூன்றாவதாக வந்தது ஒன்று இருக்கிறது. வேகச் சோதனையில் அது தெரியவே தெரியாது. அலுவலகத்தின் வேலைக் கணக்குப் பக்கம் பாதி திறந்து அப்படியே நிற்கும். சின்னப் பக்கங்கள் திறக்கும், படம் நிறைந்த பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்குக் காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டில் அதிகபட்சம் எத்தனை பைட் ஏற்றலாம் என்ற அளவு. சாதாரண ஈதர்நெட்டில் 1500. பிபிபிஓஇ போட்டால் 8 போய் 1492. வயர்கார்டு தன் பங்குக்கு ஐபிவி4ல் 60 பைட்டும் ஐபிவி6ல் 80 பைட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அதன் வழக்கமான அளவு 1420. கணக்குப்படி எங்களுக்கு அதுவே போதும். ஆனால் எங்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் எங்கோ வழி இன்னும் குறுகலாக இருந்தது.

அதை அளந்த விதம் இது. விபிஎன்னை நிறுத்திவிட்டு, வின்டோஸில் அலுவலக சர்வரின் வெளி முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்ப வேண்டும். துண்டாக்கக் கூடாது என்பதற்கு எஃப் குறி, அளவுக்கு எல் குறி. 1472லிருந்து ஆரம்பித்துக் குறைத்துக்கொண்டே வந்தோம். 1464 போகவில்லை, 1440 போகவில்லை, 1424 போனது. அதோடு தலைப்புக்கு 28 சேர்த்தால் 1452. அதில் வயர்கார்டின் 60ஐக் கழித்தால் 1392. கொஞ்சம் இடம் விட்டு 1380 என்று பெரிலின் வயர்கார்டு அமைப்பில் எழுதிச் சேமித்தேன். அந்த நிமிடமே பக்கம் திறந்தது. அதற்கு முன் இரண்டு நாள் பிரவுசரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணை மாற்ற நிர்வாகப் பக்கத்திலேயே இடம் கொடுத்திருப்பதற்காக இந்த ரூட்டரைத் தனியாகப் பாராட்ட வேண்டும்.

பேஜினேஷன் வேலையில் இருப்பவர்களுக்காக இன்னொன்று. வேகம் 139 வந்த பிறகும் படங்கள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே சர்வருக்கு இழுத்துவிட்டால் ஊர்ந்துதான் போகும். ஆயிரத்து எண்ணூறு சின்னச் சின்ன ஃபைல்கள். ஒவ்வொன்றுக்கும் திற, எழுது, மூடு என்று சென்னைக்கும் இங்கேயும் பல தடவை கேள்வி பதில் நடக்கிறது. ஒரு தடவை போய்வரப் பத்து மில்லிசெகண்ட் என்றாலும் மொத்தத்தில் அது நிமிடங்களாகிவிடும். ஜிப் செய்து ஒரே ஃபைலாக அனுப்புங்கள். எந்த ரூட்டரும் இதற்கு உதவாது.

எனக்கு மிகவும் பிடித்த வசதி, எந்தச் சாதனம் விபிஎன் வழியாகப் போக வேண்டும், எது நேராகப் போக வேண்டும் என்று பிரித்துச் சொல்லிவிட முடிவது. இரண்டு கணினியும் மேக்கும் அலுவலக வழி. டிவி, போன்கள், மகளின் டேப் எல்லாம் நேர் வழி. பழைய ரூட்டரில் டிவிகூட அலுவலகம் வழியாகச் சென்னை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது. அந்த 9க்குள் அதுவும் பங்கு கேட்டது. இப்போது மாமியார் தன் தொடரைத் தன் நேரத்துக்குப் பார்க்கிறார். நான் என் ஃபைலை என் நேரத்துக்கு அனுப்புகிறேன். விபிஎன் அறுந்தால் வேலைக் கணினிகள் நேர் வழியில் போகாதபடி தடுக்கவும் ஒரு அமைப்பு இருக்கிறது. பதிப்பகத்தின் ஃபைல்கள் கையில் இருப்பதால் அதைப் போட்டே வைத்திருக்கிறேன்.

பக்கத்தில் இருக்கும் தள்ளு பொத்தானுக்கு விபிஎன்னை ஏற்றி இறக்கும் வேலையைக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தள்ளி வைத்துவிடுவேன்.

எங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரம் நின்றால் மாலையில்தான் வரும். பெரில் யுஎஸ்பி-சி வழியாக 5 வோல்ட், 3 ஆம்பியரில் ஓடுகிறது. நல்ல பவர் பேங்க் ஒன்றில் மாட்டிவிடுகிறேன். ஃபைபர் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் தனியாக இருக்கிறது. லேப்டாப்பின் பேட்டரி தீரும் வரை வேலை நிற்பதில்லை. இதை வாங்கும்போது நான் யோசித்துப் பார்க்கவே இல்லை, இப்போது இதற்காகவே இன்னொரு தடவை வாங்குவேன்.

வீடு முழுக்க வைஃபை வேண்டும் என்று இதை வாங்காதீர்கள். அந்த வேலைக்குச் செய்த பெட்டி இல்லை இது. செங்கல் சுவர் ஒன்றரை அடி இருக்கும் வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டாவது அறைக்கே தள்ளாடித்தான் போகும், எந்த ரூட்டராக இருந்தாலும். நாங்கள் பழைய ரூட்டரைத் தூக்கிப் போடவில்லை. அதன் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்தி, ஸ்விட்சிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, அதன் லேன் போர்ட்டில் செருகி, கூடத்தில் வைஃபை பெட்டியாக மட்டும் வைத்திருக்கிறோம். பூட்டுப் போடும் வேலையை எடுத்துவிட்டதால் அது இப்போது நிம்மதியாக ஓடுகிறது. 2.4ஐ மட்டும் 6ஆம் சேனலிலிருந்து 11க்கு மாற்றினேன். அக்கம்பக்கம் எல்லோரும் 6ல் இருந்தார்கள்.

என் எண்களைக் கேட்டுவிட்டுக் கும்பகோணத்தில் இருக்கும் அத்தை மகனும் இதே ரூட்டரை வாங்கினான். அவனுக்கு அலுவலக விபிஎன் இல்லை, மாதச் சந்தா கட்டும் விபிஎன். "அக்கா, எனக்கு நாப்பதுதான் வருது" என்று போன் செய்தான். சிபியு எவ்வளவு என்று கேட்டேன், 15 சதவீதம். அப்படியென்றால் ரூட்டர் சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. அவன் தேர்ந்தெடுத்திருந்தது இந்தியா என்று பெயர் போட்ட சர்வர். 2022ல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அப்போது சில பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இங்கிருந்து எடுத்துவிட்டன. இந்திய முகவரியைச் சிங்கப்பூர் போன்ற இடங்களில் இருக்கும் சர்வரிலிருந்து கொடுக்கின்றன. கும்பகோணத்திலிருந்து கிளம்பியது கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. கூட்டம் அதிகமான அந்த இந்தியச் சர்வரை விட்டுவிட்டு நேராகச் சிங்கப்பூர் சர்வரையே போடச் சொன்னேன். 95க்கு வந்தது. அவனிடமும் முதலில் லேப்டாப்பில் போட்டுப் பார் என்று சொல்லியிருந்தால் வாங்கும் முன்பே இது தெரிந்திருக்கும். சொல்லாமல் விட்டது என் தவறு. அதனால்தான் இங்கே அதை முதலில் எழுதினேன்.

உங்கள் லைன் 200 வரை இருந்து, விபிஎன்னை எப்போதும் ரூட்டரிலேயே ஓட்ட வேண்டியிருந்து, லேப்டாப் சோதனையில் வேகம் வருகிறதென்றால் பெரில் ஏஎக்ஸை யோசிக்காமல் வாங்கலாம். லைன் 500 என்றால் இது பத்தாது. அதே நிறுவனத்தின் ஃபிளின்ட் 2 இருக்கிறது, நான்கு கோர், வயர்கார்டில் 900 வரை என்று சொல்கிறார்கள். அது இதைவிட விலை அதிகம், பெட்டியும் பெரிது, போர்ட்டுகளும் அதிகம். வீட்டில் ஒரே ஒரு லேப்டாப்பில் மட்டும் விபிஎன் வேண்டுமென்றால் எதையும் வாங்க வேண்டாம். லேப்டாப்பிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் நரம்பியல் பாடப்புத்தகம் ஒன்றின் கடைசித் திருத்தம். ஐந்து ஐம்பதுக்குத்தான் என் கைக்கு வந்தது. ஐந்து ஐம்பத்தேழுக்கு மூட்டை சர்வரில் ஏறிவிட்டது. கூடத்தில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது.